அப்பா ஹல்க் வேஷம் போட்டால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

போன வாரம் ஹந்தானையில் எங்கள் கூட்டம் மறுபடியும் அதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. மார்வல் தொடர்களில் எது உருப்படி, எது குப்பை என்று பேச்சு. 'மிஸ் மார்வல்' என்று ஒருத்தர் வாய் திறந்ததுதான் தாமதம். "அதெல்லாம் சூப்பர்ஹீரோ கதையா? அம்மா, அப்பா, அண்ணன் கல்யாணம், பாட்டி. சன் டிவி சீரியலுக்கு கிராபிக்ஸ் போட்ட மாதிரி இருக்கும்" என்று ஒரு குரல். உடனே எல்லாரும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் இருக்கும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளை கமலா கான். அவெஞ்சர்ஸ் பைத்தியம். பாட்டி அனுப்பிய பழைய வளையலைப் போட்டதும் சக்தி வருகிறது. ஆறு எபிசோட்தான். முதலாவது 2022 ஜூன் 8, கடைசி ஜூலை 13. அந்த ஜூலை 13 விடியப்புறத்தில்தான் கோட்டாபய மாலைதீவுக்குப் பறந்தார் என்பதால் இந்தத் தேதி எங்களுக்கு மறக்காது. கரண்ட் கட், பெட்ரோல் க்யூ, மூடிக் கிடந்த பள்ளிக்கூடம். அதற்கு நடுவில் யாரோ இறக்கிய பைலை பென் டிரைவில் கைமாற்றி, சார்ஜ் இருக்கிற லேப்டாப்பைத் தேடிப் பார்த்தோம்.

முதல் எபிசோட் வந்த கையோடு ஐ.எம்.டி.பி.யில் ஒற்றை நட்சத்திரம் கொட்டத் தொடங்கிவிட்டது. பாதிப் பேர் பார்த்திருக்கவே மாட்டார்கள். பொம்பளைப் பிள்ளை, அதிலும் முஸ்லிம், அதிலும் தெற்காசியா: அவர்களுக்கு அதுவே போதும். அந்தக் கூட்டத்தோடு எங்களுக்குப் பேச்சில்லை. 2023 நவம்பரில் 'தி மார்வல்ஸ்' படம் படுத்ததும் "பார்த்தியா, நாங்க அப்பவே சொன்னோம்" என்று வந்தார்களே, அவர்களோடும் இல்லை. ஒரு படம் ஓடாததை வைத்து ஒரு தொடரை அளக்க முடியாது.

எங்கள் சண்டை நம்ம பயலுகளோடு. நம்மைப் போலவே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நம்மைப் போலவே கடன் வாங்கின டேட்டாவில் படம் பார்த்துவிட்டு, "குடும்பக் கதை, போர்" என்று சொல்கிறவர்களோடு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சூப்பர்ஹீரோ கதையில் குடும்பம் இல்லாத கதை எது? தோருக்கும் லோக்கிக்கும் என்ன பிரச்சினை? அப்பன் சொத்து யாருக்கு என்கிற பங்காளித் தகராறுதானே! டோனி ஸ்டார்க் பத்து வருசம் அப்பாவை நினைத்து மூக்கைச் சிந்தினார். தானோஸ் தன் மகளை மலையிலிருந்து தள்ளினான், தியேட்டரே அழுதது. 'வாண்டாவிஷன்' முழுக்கவே புருசன், பெண்டாட்டி, ரெட்டைப் பிள்ளைகள். அதைக் கலை என்று கொண்டாடினீர்கள். அங்கே அப்பன்-மகன் கதை என்றால் எமோஷன், இங்கே அம்மா-மகள் கதை என்றால் சீரியலா? வீட்டில் அம்மா சீரியல் பார்க்கும்போது ரிமோட்டைப் பிடுங்குகிற அதே கைதான் இங்கேயும் ஓட்டிவிட்டுப் பார்க்கிறது.

எல்லாரும் கிண்டல் பண்ணுகிற அந்த முதல் எபிசோட் காட்சியையே எடுங்கள். கமலாவுக்கு அவெஞ்சர்ஸ் திருவிழாவுக்குப் போகவேண்டும். ராத்திரி நேரம், வீட்டில் விடமாட்டார்கள். கடைசியில் அம்மா ஒரு வழி சொல்கிறார்: அப்பாவும் கூடப் போகலாம். அப்பா உடம்பெல்லாம் பச்சை பூசிக்கொண்டு பெரிய ஹல்க்காக வந்து நிற்கிறார். மகளுக்கு ஒரு குட்டி ஹல்க் உடுப்பு. பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. மனசு நோகிற மாதிரி வார்த்தையை விட்டுவிடுகிறாள். அந்த மனுசனின் முகம் விழுகிற விதத்தை நீங்கள் பார்த்தீர்களா, இல்லை பத்து செக்கன் தள்ளிவிட்டீர்களா? ஸ்கூல் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மா கொழுந்து எடுத்த கையோடு, விரல் நுனி கறுத்தபடி வந்து நின்றபோது, கொஞ்சம் தள்ளி நின்றவர்கள் எங்களில் இருக்கிறார்கள். எங்களுக்கு அது சிரிப்புக் காட்சி இல்லை.

இன்னொன்று. வெள்ளைக்கார ஹீரோவுக்குத் தனி ரூம் இருக்கும். கதவைப் பூட்டுவான், ஜன்னல் வழியாகக் குதிப்பான், ரகசியம் காப்பான். லயத்தில் எங்கே ரகசியம்? பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும்கூடப் போகாது. முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் இஞ்சித் தண்ணி கொதிக்கும். உங்களுக்குச் சக்தி வந்தால் மறுநாள் காலைப் பிரட்டுக்கு முன்னால் தோட்டத்துக்கே தெரிந்துவிடும். கமலாவின் வீட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ரகசியம் தாங்குவதில்லை. கடைசியில் அம்மாவே அந்த உடுப்பைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். எங்களுக்குத் தெரிந்த வாழ்க்கைக்கு இதுதான் பக்கத்தில் இருக்கிறது.

தொடரில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வில்லன் கூட்டம் படு வீக். வேறு உலகம், திரை, அது உடைந்தால் அழிவு என்று என்னென்னவோ சொன்னார்கள். ஐந்தாவது எபிசோடில் கொஞ்ச நேரத்தில் கதையை முடித்துக் கையைக் கழுவிவிட்டார்கள். காமிக்ஸில் கை கால் நீண்டு உடம்பு பெருக்கிற சக்தியை, இங்கே ஊதா வெளிச்சமாக மாற்றியதில் கோபப்பட்டவர்களின் பக்கமும் நியாயம் உண்டு. மாறுகிற உடம்போடு மல்லுக்கட்டுகிற வயசுப் பிள்ளையின் கதை அது. வெளிச்சக் கட்டியில் அந்த அர்த்தம் போய்விட்டது. "முதல் முஸ்லிம் ஹீரோ, அதனால் பாராட்டியே ஆகணும்" என்று கைதட்டியவர்களையும் நாங்கள் நம்புவதில்லை. தலை எண்ணுவது விமர்சனம் ஆகாது.

ஆனால் நான்காவதும் ஐந்தாவதும் எபிசோட்? அங்கேதான் நம்ம பயலுகள் அதிகமாகக் கொட்டாவி விட்டார்கள். "ஹிஸ்டரி கிளாஸ் மச்சான்." அந்த இரண்டையும் இயக்கியவர் ஷர்மீன் ஒபைத் சினாய், இரண்டு ஆஸ்கார் வாங்கிய பாகிஸ்தானிய ஆவணப்பட இயக்குநர். கமலா கராச்சிக்குப் பாட்டியைப் பார்க்கப் போகிறாள். அங்கிருந்து கதை 1947க்கு, பிரிவினைக்குப் போகிறது. இரவு, ரயில்வே ஸ்டேசன், மூட்டை முடிச்சுகளோடு சனம். கடைசி ரயில். கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை அப்பாவின் கையை விட்டுவிடுகிறது. அந்தப் பிள்ளைதான் கமலாவின் பாட்டி.

இது உங்களுக்கு அந்நியக் கதையா? மலையகத்தில் பிறந்துவிட்டு?

1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம ஆட்களை நாடில்லாதவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆள் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கடை மூடும்போது மிச்ச மரக்கறியைப் பங்கு போடுவதுபோல. அண்ணன் ஒரு பட்டியலில், தங்கச்சி வேறு பட்டியலில். மலையிலிருந்து தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம். கொஞ்சப் பேர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள். வழியனுப்ப வந்தவர்களும் ஏறினவர்களும் கதறிய கதறலில் அந்த ரயிலுக்கே அழுகைக் கோச்சி என்று பேர் வந்தது.

வித்தியாசம் இருக்கிறது, தெரியும். பஞ்சாபில் ரயிலுக்குள் பிணம் வந்தது. நம்ம கோச்சியில் வெட்டுக்குத்து இல்லை, கையில் காகிதம் கொடுத்து அனுப்பினார்கள். அதனால்தானோ என்னவோ அதை யாரும் படமாக எடுக்கத் தோதான கதையாகப் பார்க்கவில்லை. ஹந்தானை என்றால் இந்த நாட்டுக்குப் பனிமூட்டமும் கம்பஸ் காதலும். லயம் அந்தப் போட்டோவில் விழுவதே இல்லை.

இங்கே ஒன்றையும் கேட்டுவிடுகிறோம். 2021இல் 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் சீசன் ட்ரெய்லர் வந்தபோது தமிழ்ச் சனம் கொதித்தது. ஈழத்துப் போராளிகளைக் காட்டிய விதம் சரியில்லை என்று தமிழ்நாட்டு அமைச்சர் ஒருவரே தடை கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். நாமும்தான் ஸ்டேட்டஸ் போட்டோம். தப்பாகக் காட்டினால் நமக்கு ரோசம் வருகிறது, நல்லது. இன்னொரு சனத்தின் பிரிவை ஒருத்தி சரியாகக் காட்டும்போது, அதில் நம்ம கதையும் தெரிகிறதே என்று நிமிர்ந்து உட்காரத் தெரியாத ரோசம் என்ன ரோசம்?

எங்களில் ஒருவருடைய வீட்டில் அந்த ஐந்தாவது எபிசோட் ஓடும்போது அப்பாயியும் பக்கத்தில் இருந்தார். இங்கிலீசும் தெரியாது, உருதுவும் தெரியாது. ஸ்டேசன் காட்சி வந்ததும் வெற்றிலை இடிக்கிற கை நின்றுவிட்டது. "இது எந்த டேசன்?" என்றார். இந்தியாவில் ஒரு ஊர் என்றோம். "எங்க அக்காவும் இப்படித்தான் மூட்டையோட நின்னுச்சு. நா இங்கிட்டு, அது சன்னலுக்கு அங்கிட்டு." அக்கா போனது கூடலூர்ப் பக்கம். நாலைந்து கடிதம் வந்ததாம். பிறகு நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் அப்பாயிக்கு ஒரு அக்கா இருந்ததே அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். இருபது வருசம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தவர்கள்.

திரையில் கமலா தன் வெளிச்சத்தால் ஒரு வழி போட்டுக் கொடுக்கிறாள். சின்னப் பிள்ளை அப்பாவிடம் போய்ச் சேர்கிறது. அப்பாயி கேட்டது ஒன்றுதான்: "புள்ள போய்ச் சேந்துருச்சா?" சேர்ந்துவிட்டது என்றோம். "அப்ப சரி" என்று மறுபடியும் இடிக்க ஆரம்பித்தார்.

பாட்டி கதை போர் என்று சொன்ன தோழர்களே, வீட்டுக்குப் போய் யார் எந்தப் பட்டியலில் இருந்தார்கள், யார் கோச்சியில் ஏறினார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். பெரியவர்கள் இருக்கிற வீடென்றால் இந்த வாரமே கேளுங்கள். அதற்குப் பிறகும் அது ஹிஸ்டரி கிளாஸ்தான் என்றால், அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். பிளேன்ட்டி எங்கள் செலவு.