ரத்தக் குழாயை வளர்க்கிறார்கள்!

குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் கலக்கிறது. வழியில் அந்த நீர் கால்வாய்க்கும், மடைக்கும், வயலுக்கும் போகிறது. மடை அடைத்துக்கொண்டால், ஆற்றில் வெள்ளமே போனாலும் பயிர் வாடும்.

மனித உடம்பும் அப்படித்தான். இதயத்தில் புறப்படும் பெரிய குழாய் பிரிந்து பிரிந்து சிறுக்கிறது. கடைசிக் குழாய்கள் தலைமயிரைவிட மெல்லியவை. ரத்த அணுக்கள் அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும்.

சர்க்கரை வியாதி இந்தச் சிறு குழாய்களைக் கெடுக்கிறது. கண் மங்குகிறது. சிறுநீரகம் பழுதாகிறது. காலில் உணர்ச்சி குறைகிறது. கடற்கரையில் வெறுங்காலோடு நடப்பவருக்குச் சிப்பி குத்தினாலும் தெரிவதில்லை. புண் ஆறாமல் காலையே எடுக்க நேரிடுகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கூறியது.

எலி போதாது

குழாய் எப்படிக் கெடுகிறது? உயிரோடு இருப்பவரின் கண்ணை அறுத்துப் பார்க்க முடியுமா? ஆகவே எலியிடம் சோதித்தார்கள். ஆனால் எலிக்குப் பலித்த மருந்து மனிதருக்குப் பலிக்காமல் போவது உண்டு.

எனவே ரத்தக் குழாயையே ஆய்வுக் கூடத்தில் வளர்க்கத் துணிந்தனர். 1986-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் உயிரணுக்களையும் கொல்லாஜன் என்ற புரதத்தையும் சேர்த்து ஒரு மாதிரிக் குழாய் செய்தனர். 2019-ல் வியன்னா நகர விஞ்ஞானிகள் மனித மூல உயிரணுக்களில் இருந்து மெல்லிய குழாய்களை வளர்த்தனர். அவற்றுக்குச் சர்க்கரையையும் வீக்கம் உண்டாக்கும் பொருள்களையும் கொடுத்தார்கள். நோயாளிகளிடம் காண்பது போலவே குழாயின் சுவர் தடித்தது! அதைத் தடுக்கும் வழியையும் அந்த மாதிரியிலேயே தேடினார்கள்.

புது மருந்துச் சோதனையில் இத்தகைய மாதிரிகளுக்கும் இடம் தந்து, மத்திய அரசு 2023-ல் விதிகளைத் திருத்தியது.

ஏழைக்கு எட்டுமா?

மாதிரி மாதிரிதான். அதற்குக் கல்லீரல் இல்லை, சிறுநீரகம் இல்லை. அதில் பலித்த மருந்தையும் மனிதரிடம் சோதித்தே தீரவேண்டும். மருந்து வந்தாலும் விலை எட்டவேண்டும்.

நம்பிக்கைக்கு இடம் உண்டு. தேங்காய்ப்பட்டணத்துக்கு அருகே உள்ள திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்கே உருவான இதய வால்வு 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வைவிட அதன் விலை குறைவு. வால்வில் முடிந்தது மருந்திலும் முடியவேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது என்ன? சர்க்கரையைச் சோதித்துக் கட்டுக்குள் வைப்பது. தினமும் பாதத்தைப் பார்ப்பது. சிறு புண்ணானாலும் டாக்டரிடம் காட்டுவது. காலைக் காக்க இன்று இதுவே வழி.