சிப்பியின் மேல் ஒரு சிற்றூர்

பெரியபாளையத்திலிருந்து பழவேற்காட்டுக் கடற்கரைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். சிப்பியொன்றில் வெண்படலத்தைக் கண்டு ஒரு மாணவர் வினவ, "சுண்ணாம்புக் கறை" என்றேன். உருப்பெருக்கியில் நோக்கியபின் நாணினேன். அத்தனையும் மில்லிமீட்டருக்கும் குறைந்த அறைகள். அறைக்கு ஓர் உயிர்! இவையே பிரையோசோவா எனும் பாசி விலங்குகள்.

நிறத்தையும் படர்ந்த தோற்றத்தையும் மட்டும் கொண்டு இவற்றின் இனத்தைத் துணிதல் கூடாது. அறைவாயிலின் வடிவம், அதன் மூடி, முட்கள், முட்டையறை, பறவையலகு போன்ற சிற்றுறுப்பு ஆகியவை உண்டா, எவ்வாறு அமைந்துள்ளன என நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். இலங்கை முத்துச்சிப்பிப் படுகைகளிற் கிடைத்தவற்றை ஆய்ந்து, லாரா தோர்ன்லி எனும் பெண்மணி 1905இல் அறிக்கை வெளியிட்டார்.

மறுநாள் வகுப்பில் என் பிழையை நானே திருத்திக் கூறினேன். பெற்றோர்களே, பிள்ளைகள் வினவும்போது விரைந்து பெயர் சூட்டாதீர்கள். முதலில் உடனமர்ந்து உற்று நோக்குங்கள்.