நிழல் விழாத கோபுரமா?

தஞ்சை பெரிய கோவிலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்கள் பலர் தவறாமல் எழுதும் வரி ஒன்று உண்டு. "கோபுரத்தின் நிழல் தரையில் விழாது!"

இது உண்மை அல்ல. நிழல் விழுகிறது. காலையிலோ மாலையிலோ போனால் யாரும் பார்க்கலாம்.

பிறகு ஏன் எழுதுகிறார்கள்? நோட்ஸில் அப்படி இருக்கிறது. மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். மார்க்கும் கிடைத்துவிடுகிறது!

கல் சொல்லும் கதை

ராஜராஜ சோழன் அந்தக் கோவிலைக் கட்டி முடித்தது 1010-ம் ஆண்டில். அவன் கொடுத்தது என்ன, அக்காள் குந்தவை கொடுத்தது என்ன என்பதெல்லாம் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. 400 ஆடல் மகளிரின் பெயர்கள்கூட உண்டு!

உள்ளே, நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்து கிடந்தது. 1931-ல் அதைக் கண்டுபிடித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி. கூர்ந்து பார்த்த கண்ணுக்குக் கிடைத்த புதையல் அது.

பார்த்து எழுதட்டும்

தஞ்சைக்குப் போக வசதி இல்லையா? உள்ளூர்க் கோவிலைப் பார்த்து எழுதட்டும். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

பார்க்காமல் எழுதிய பத்துப் பக்கத்தைவிட, பார்த்து எழுதிய பத்து வரி மேல். ஆசிரியர்கள் அந்தப் பத்து வரிக்கு மார்க் போட வேண்டும்!