கெட்டிமேளத்துக்கு அப்புறம் ஒரு இருபது நிமிஷம்

திருவந்திபுரத்துல கல்யாணத்துக்குப் போயிருக்கீங்களா? கடலூர் பக்கத்துல படிக்கிறவங்கன்னா கண்டிப்பா ஒரு தடவையாவது போயிருப்பீங்க. கடலூர்ல இருந்து அஞ்சாறு கிலோமீட்டர்தான். கீழே கெடிலம் ஆறு, தேவநாத சுவாமி கோயில். எதிர்ல ஔஷதகிரி மலை, மேல ஹயக்ரீவர். நல்ல முகூர்த்த நாள்ல ஒரே நேரத்துல எத்தனை தாலி ஏறுதுன்னு எண்ணி முடியாது. ஒரு கல்யாணத்தோட கெட்டிமேளம் இன்னொரு கல்யாணத்தோட மந்திரத்துக்கு மேல போய் விழும்.

போன தை மாசம் ஒரு சீனியர் அக்கா கல்யாணத்துக்கு அங்க போனேன். நாதஸ்வரத்துக்குப் பதிலா சாக்ஸபோன் செட். ரெண்டு சாக்ஸபோன், ரெண்டு தவில். பெரியவர் ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு ஒரு ராகத்தை மெதுவா ஆரம்பிச்சார். அப்பதான் மேல ஏற ஆரம்பிச்சிருக்கார், யாரோ கையை ஆட்டினாங்க. உடனே நிறுத்திட்டு கெட்டிமேளம். அது முடிஞ்சதும் திரும்பிப் பார்த்தா எதிர்ல ஒரு நாற்காலியிலும் ஆள் இல்ல. எல்லாரும் பந்திக்குப் போயாச்சு.

ரெண்டாவது சாக்ஸபோன் வாசிச்சவனை அப்பதான் சரியா பார்த்தேன். என் வகுப்புப் பையன். மூணு வருஷமா ஒரே லேப், ஒரே பெஞ்ச். அவன் வாசிப்பான்னு எங்க யாருக்கும் தெரியாது. என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "டேய், காலேஜ்ல சொல்லிடாதடா."

இந்தக் கட்டுரையை எழுத அவன்கிட்ட அனுமதி வாங்கிட்டேன். பேர் மட்டும் போடக்கூடாதுன்னு சொன்னான். அவன் ஏன் அப்படிச் சொன்னான்னு உங்களுக்குப் புரியும். கிடார் வாசிக்கிறவன் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு கேம்பஸ் முழுக்கச் சுத்தலாம். கல்யாணத்துல வாசிக்கிறவன் அதை மறைக்கணும். வாத்தியத்துல ஒரு குறையும் இல்ல. "பீப்பீ, டும்டும்"னு நாம சிரிக்கிற சிரிப்புதான் காரணம்.

என் கருத்தை நேரா சொல்லிடறேன். இந்த வாத்தியத்துக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதணும். நம்ம ராகத்துல, நம்ம தாளத்துல, பின்னால ஒரு தந்திக் குழுவோட. வாசிக்கிறவர் நடுவுல நிக்கணும். நாம டிக்கெட் எடுத்து, போனை அணைச்சுட்டு, இருபது நிமிஷம் வாயை மூடிக் கேக்கணும்.

கான்செர்ட்டோன்னா பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. ஒரு தனி வாத்தியம், எதிர்ல ஒரு கூட்டம். ரெண்டும் பேசிக்கும், போட்டி போடும், கடைசியில ஒண்ணு சேரும். தனி ஆவர்த்தனம் கேட்டவங்களுக்கு அந்தச் சுகம் ஏற்கெனவே தெரியும்.

"சாக்ஸபோனுக்குப் போய் கான்செர்ட்டோவா?"ன்னு கேக்கறீங்களா? ஐரோப்பாவுலயும் இதையேதான் கேட்டாங்க. பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846ல் பாரிஸில் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். உடம்பு பித்தளை, ஆனா ஊதற இடத்துல நாணல் பட்டை. ராணுவ பேண்டு உடனே எடுத்துக்கிச்சு. பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் வாசல்லயே நிறுத்தி வச்சாங்க. அப்புறம் ஜாஸ் வந்ததும் "இது ஆட்டக்கூடத்து வாத்தியம்"னு முத்திரை குத்தியாச்சு. நாம "கல்யாண வாத்தியம்"னு குத்தற அதே முத்திரைதான்.

அதை ஒரு ஆள் மாத்திக் காட்டினார். சிகுர்ட் ராஷேர், ஜெர்மனியில பிறந்த சாக்ஸபோன் கலைஞர். 1933ல் ஜெர்மனியை விட்டு வடக்கே, டென்மார்க், ஸ்வீடன் பக்கம் போனார். போன இடத்துல இசையமைப்பாளர்களை விடாம நச்சரிச்சார், "எனக்கு ஒண்ணு எழுதிக் கொடுங்க"ன்னு. 1934ல் ரஷ்யாவின் கிளாசுனோவ் ஒண்ணு எழுதினார். அதே வருஷம் ஸ்வீடனின் லார்ஸ்-எரிக் லார்சன் ஒண்ணு எழுதினார். ரெண்டுமே ஆல்டோ சாக்ஸபோனும் தந்திக் குழுவும். ரெண்டையும் ராஷேர்தான் ஸ்வீடன்ல முதல்ல வாசிச்சார். இன்னிக்கு உலகத்துல கிளாசிக்கல் சாக்ஸபோன் படிக்கிற மாணவர்கள் கிளாசுனோவைத் தொடாம படிப்பை முடிக்கிறது அபூர்வம். வாத்தியம் அதேதான். கேக்கறவங்க உட்கார்ந்த விதம்தான் மாறிச்சு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கத்ரி கோபால்நாத்தைத் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. 1994ல் வந்த 'டூயட்' படத்துல பிரபு கையில இருக்கிற சாக்ஸபோனுக்குப் பின்னால இருந்த மூச்சு அவரோடதுதான். அவர் அப்பா நாதஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸபோனைக் கேட்டு, இதுலதான் கர்நாடக சங்கீதம் வாசிப்பேன்னு முடிவு பண்ணினார். நாதஸ்வரத்துல விரல் நேரா துளை மேல இருக்கும். பாதி மூடலாம், இழைக்கலாம், கமகம் தானா வரும். சாக்ஸபோன்ல விரலுக்கும் துளைக்கும் நடுவுல சாவியும் மூடியும் இருக்கு. திறந்தா திறந்தது, மூடினா மூடினது. கிட்டத்தட்ட டிஜிட்டல் சுவிட்ச் மாதிரி. அதுல தோடியை வாசிக்கணும்! அவர் வாத்தியத்துலயே சில மாற்றம் பண்ணி, மீதியை உதட்டாலும் மூச்சாலும் சாதிச்சார். 1994ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் வரைக்கும் போய் வாசிச்சார். 2019ல் காலமானார்.

அதாவது கஷ்டமான பொறியியல் வேலையை ஒருத்தர் ஏற்கெனவே முடிச்சுக் கொடுத்துட்டார். பாக்கி இருக்கிறது எழுதற வேலை.

அதுக்கும் முன்மாதிரி உண்டு. ரவி சங்கர் 1971ல் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோட சிதார் கான்செர்ட்டோ பண்ணினார். ஜாகிர் உசேன் 2015ல் மும்பையின் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவுக்காக தபலாவை வச்சே ஒரு கான்செர்ட்டோ எழுதினார். நம்ம இளையராஜா 1988ல் 'நத்திங் பட் விண்ட்' போட்டார். வடக்கோட புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவின் மூச்சு, பின்னால மேற்கத்திய பாணி தந்திக் குழு. ஒரு காற்று வாத்தியத்தைச் சுத்தித் தந்திகள் எப்படி நிக்கணும்னு பாடம் படிக்க அது போதும். அவரே 2025 மார்ச் 8ல் லண்டன்ல தன் சிம்ஃபனியை அரங்கேற்றியாச்சு. சிதாருக்கு இருக்கு, தபலாவுக்கு இருக்கு, புல்லாங்குழலுக்கு இருக்கு. திருவந்திபுரம் மலையில வாசிக்கிற வாத்தியத்துக்கு? எல்லாரும் பேர் சொல்ற மாதிரி ஒண்ணு உங்களுக்கு ஞாபகம் வருதா? எனக்கு வரல.

இனிமே எதிர்க்கேள்விகள். ஹாஸ்டல்ல இதைச் சொன்னப்போ மூணு வந்துச்சு.

முதல்ல, "கமகமும் ஹார்மனியும் ஒத்துப்போகாது." பியானோவை வச்சா கஷ்டம்தான். ஆனா வயலினுக்கும் செல்லோவுக்கும் மெட்டு கிடையாது, அதுங்களும் இழைக்கும். கூட்டுச் சுரங்களைக் கொட்டி ராகத்தை மூழ்கடிக்காம, ஆதார சுருதியும் எதிர் மெட்டும் வச்சு எழுதலாம். தந்திக் குழுவைக் கேக்கறதே அதனாலதான்.

ரெண்டாவது, "இது நாதஸ்வரத்தோட பிழைப்பைக் கெடுக்கும்." இந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன், உண்மையான கவலை. ஆனா நாதஸ்வரம் திறந்த வெளிக்குப் பிறந்தது. சுவாமி புறப்பாட்டுல நாலு தெருவுக்குக் கேக்கற மல்லாரிக்குச் செஞ்ச குரல். மூடிய அரங்கத்துல பன்னிரண்டு வயலினை அது ஒரே மூச்சுல அமுக்கிடும். சாக்ஸபோன் அடங்கியும் பேசும், அதனால ஆரம்பம் அங்க சுலபம். யாராவது முதல் கான்செர்ட்டோவை நாதஸ்வரத்துக்கே எழுதிக் காட்டினா, முதல் வரிசையில நான் உட்கார்ந்திருப்பேன்.

மூணாவதுதான் சரியான அடி. "நம்ம கலைக்கு மரியாதை வர வெள்ளைக்காரன் ஆர்கெஸ்ட்ரா எதுக்கு?" மரியாதைக்கு வேண்டாம், ஒத்துக்கறேன். ஆனா வயலின் யாருடையது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதைக் கத்துக்கிட்டதால இன்னிக்கு அது இல்லாம கச்சேரியே இல்ல. தீட்சிதர் காசியில சில வருஷம் இருந்து வடக்கத்தி ராகங்களை உள்ள கொண்டு வந்தார். இங்கிலீஷ் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல பாட்டு எழுதி நோட்டுஸ்வரம்னு ஒரு வகையையே விட்டுட்டுப் போனார். எடுத்துக்கறது நமக்கு அவமானம் இல்ல, பழக்கம். இங்க நான் எடுத்துக்கச் சொல்றது மரியாதையையும் இல்ல, சர்டிஃபிகேட்டையும் இல்ல. அந்த உட்கார்ற பழக்கத்தை. யாரும் கையை ஆட்டி நிறுத்தாத இருபது நிமிஷத்தை.

இதுல நாம என்ன பண்ண முடியும்? மாணவர்கள் நிறைய பண்ணலாம். பக்கத்துல சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கு, 1929ல் இருந்து இசை சொல்லிக் கொடுக்கற ஊர். அங்க வயலின் படிக்கிறவங்க இருக்காங்க. நம்ம கல்லூரிகள்லயும் கீழ்ஸ்தாயி, மேல்ஸ்தாயின்னு வயலின் பெட்டியோட சுத்தறவங்க எட்டுப் பேர் தேறுவாங்க. நொட்டேஷன் மென்பொருள் இலவசமாவே கிடைக்குது. முதல் முயற்சி எட்டு நிமிஷம் இருந்தா போதும். கொஞ்சம் சொதப்பட்டும். ராஷேர் யாரையாவது நச்சரிச்ச மாதிரி நாமும் இசை தெரிஞ்ச ஒருத்தரை நச்சரிப்போம்.

அதுக்கும் முன்னாடி, செலவே இல்லாத ஒரு வேலை இருக்கு. அடுத்த கல்சுரல்ஸ்ல தனி வாத்தியப் போட்டி அறிவிப்புல கிடார், கீபோர்டு, வயலின்னு மட்டும் போடாதீங்க. சாக்ஸபோன், நாதஸ்வரம், தவில்னும் எழுதுங்க. மூணு வார்த்தைதான் கூடும். என் வகுப்புப் பையன் மாதிரி எத்தனை பேர் பெட்டியை வீட்லயே வச்சுட்டு வர்றாங்கன்னு அப்பத் தெரியும்.

அன்னிக்கு எல்லாரும் பந்திக்குப் போனப்புறம் நான் அந்தப் பெரியவர்கிட்ட, "அது என்ன ராகங்க ஐயா?"ன்னு கேட்டேன். "கல்யாணவசந்தம் தம்பி"ன்னார். அப்புறம் சுத்திமுத்தும் பார்த்துட்டு, "நேரம் இருக்கா? உட்காருங்க"ன்னார்.

முழுசா வாசிச்சார். கேட்டது நான், என் நண்பன், நாற்காலி அடுக்க வந்த ரெண்டு பேர். சாப்பாடு ஆறிப்போச்சு. பரவாயில்ல.

அடுத்த முகூர்த்தத்துக்கு நீங்களும் போவீங்க. கெட்டிமேளம் முடிஞ்சதும் எழுந்துடாதீங்க.