பார்வை கொடுத்தவரைப் பார்த்தோமா?

2023 டிசம்பர் 28, விஜயகாந்த் மறைந்தார். 2011இல் நம் பக்கத்து ரிஷிவந்தியத்தில் ஜெயித்தவர். வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டவர். தியாகதுருகம் டீக்கடைகளில் இரண்டு நாளும் டி.வி. முன்னால்தான் கூட்டம். நானும் அழுதேன். அதில் தப்பில்லை.

அதற்கு 37 நாள் முன்னால், நவம்பர் 21இல், டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் காலமானார். அமெரிக்காவிலிருந்து திரும்பி, 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கியவர். ஏழைகளுக்கு இலவசமாகவே கண் ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரி அது. என் அம்மா கடைசிப் பத்து வருடம் தானே அரிசியில் கல் பொறுக்கியது அங்கே கிடைத்த பார்வையால்தான். அப்படிப்பட்டவர் போன செய்தி எனக்குத் தெரிந்தது மூன்று நாள் கழித்து, பஜ்ஜி மடித்து வந்த பேப்பரில்!

சேனல்காரர்களைக் கேட்டால், "ஜனங்கள் பார்ப்பதைத்தான் காட்டுகிறோம்" என்பார்கள். காட்டாததை ஜனங்கள் எப்படி ஐயா பார்ப்பார்கள்? வெளிச்சத்தில் நின்றவருக்கு இரண்டு நாள் நேரலை. வெளிச்சம் கொடுத்தவருக்கு ஒரு மணி நேரம் கிடையாதா?

வெட்கம் எனக்கும்தான். நானாவது தேடியிருக்க வேண்டும். வருகிற நவம்பர் 21 அன்று பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து அந்தப் பெயரைச் சொல்லப் போகிறேன். நீங்களும் சொல்லுங்கள். டி.வி. சொல்லாது.