சிறுத்தை பிறந்த மண்ணில் கொக்கிப்புழு

சிறுத்தைச் சின்னம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம் தோழர்கள் உடனே ஓக்லண்ட் என்பார்கள். 1966 அக்டோபரில் ஹியூய் நியூட்டனும் பாபி சீலும் அங்கேதான் கட்சி கட்டினார்கள், வாஸ்தவம். ஆனால் சின்னம் இரவல். அலபாமா மாநிலத்தில் செல்மாவுக்கும் மாண்ட்கோமரிக்கும் நடுவில் கிடக்கும் லவுண்டஸ் என்கிற பருத்திக்காட்டுக் கவுண்டியிலிருந்து வந்தது அது. ஓக்லண்டிலிருந்து 1972இல் மும்பைக்கு, மும்பையிலிருந்து நம்மிடத்துக்கு. ஆக லவுண்டஸ் நமக்குத் தாய்வழிச் சொந்தம். அந்தச் சொந்தம் இன்னைக்கு எப்படி இருக்குன்னு விசாரிக்க வேண்டாமா?

1965 தொடக்கத்தில் அங்கே ஐந்தில் நான்கு பேர் கறுப்பர். வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர்கூடக் கிடையாது. ஜான் ஹுலெட்டும் ஸ்டோக்லி கார்மைக்கேலும் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். பேர் கொடுத்த குத்தகைக் குடும்பங்களைப் பண்ணைக்காரன் குடிசையை விட்டுத் துரத்தினான். சனங்கள் 80ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். கிடந்து ஜெயித்தார்கள். 1970இல் ஹுலெட் அந்தக் கவுண்டியின் ஷெரீப். போலீஸ் அதிகாரமே கையில் வந்தாச்சு.

சாக்கடை மட்டும் வரலை.

மலம் கழிவு என்று எழுதினால் நாத்தம் குறையாது, அதனால் பீ என்றே எழுதுகிறேன். அந்தக் கவுண்டியில் பெரும்பாலான வீடுகளுக்குப் பொதுச் சாக்கடை இணைப்பு கிடையாது. கக்கூஸிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் வெளியே வருகிறது, வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டுகிறது. மழை பெய்தால் போனது திரும்ப வரும், குளியல் தொட்டி வழியாக. உலகத்துக்கே சுத்தம் போதிக்கிற நாட்டில்.

காரணம் மண். கறுப்பு வளையம் என்று அந்தப் பகுதிக்கே பெயர், முதலில் மண்ணின் நிறத்தால் வந்த பெயர். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண். பருத்திக்குத் தோதான மண் என்பதற்காகத்தான் அடிமைகளை ஓட்டிவந்து அங்கே இறக்கினார்கள். அதே களிமண் கழிவுநீரை உள்ளே வாங்காது. சாதாரண செப்டிக் டாங்க் அங்கே வேலைக்காகாது. மேடு கட்டி வடிக்கும் தனி ஏற்பாடு வேண்டும். அதற்குப் பதினைந்தாயிரம் டாலர், முப்பதாயிரம் டாலர் என்று ஆகிறது.

இந்த இடத்தில் பேங்க் குமாஸ்தாவாகக் கொஞ்சம் பேசுகிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் என்ன கொண்டுவந்தால் கடன் கிடைக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அங்கே பலருக்கு வீடு என்பது சக்கரம் வைத்து இழுத்துவந்து நிறுத்திய டிரெய்லர். வருசா வருசம் விலை இறங்கும், மோட்டார் வண்டி மாதிரி. அடிமைத்தளையிலிருந்து வந்த பாட்டன் வாங்கிய துண்டு நிலம் இருக்கும். உயில் இல்லை, பாகப்பிரிவினை இல்லை, பேரன் பேத்தி அத்தனை பேர் பேரிலும் பொதுவாகக் கிடக்கிறது. எந்த பேங்க் மேனேஜரும் அந்தப் பத்திரத்தைத் தொடமாட்டான். ஆக, சட்டப்படி டாங்க் கட்டப் பணம் இல்லை, கடனும் இல்லை. கட்டாவிட்டாலோ மாநிலச் சட்டப்படி குற்றம். 2000ஐ ஒட்டிய வருசங்களில் இதற்காகக் கைதே நடந்திருக்கிறது. பீ பேய்ந்ததற்கு வழக்கு!

கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் அந்த மண்ணில் வளர்ந்த பெண்மணி. அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், தேங்கிய கழிவில் மொய்த்த கொசுவிடம் கடிபட்டு உடம்பெல்லாம் தடித்துப்போய்த் திரும்பினார். பரிசோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. அமெரிக்க டாக்டர்கள் தேடிப் பார்க்கவே தெரியாத நோயாக இருக்குமோ என்று அந்த அம்மாதான் கேட்டார். ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரிக்காரர்களைக் கூட்டிவந்தார். 2017இல் முடிவு வெளியானது. சோதித்த 55 பேரில் 19 பேருக்குக் கொக்கிப்புழுத் தடயம். அமெரிக்காவை விட்டு ஒழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட புழு.

கொக்கிப்புழு நமக்குப் புதுசில்லை. பீயில் விழும் முட்டை ஈர மண்ணில் பொரிந்து, வெறுங்கால் வழியே ஏறி, நுரையீரல் சுற்றிக் குடலுக்குப் போய் ரத்தம் குடிக்கும். ஆளைச் சட்டென்று கொல்லாது. சோகை பிடிக்க வைக்கும், பிள்ளையை வகுப்பில் தூங்கவைக்கும். அப்புறம் ‘சோம்பேறி சனம், படிப்பு ஏறாது’ என்று பட்டம் கட்டலாம். 1909இல் ராக்ஃபெல்லர் பணத்தில் இதே தெற்கில் பெரிய இயக்கமே நடந்தது. மருந்து கொடு, கக்கூஸ் கட்டச் சொல், செருப்புப் போடச் சொல். நல்ல காரியம்தான். நிலம் யாருடையது என்று மட்டும் அந்த இயக்கம் கேட்கவில்லை.

மருத்துவம்? கவுண்டிக்குள் ஒரு ஆஸ்பத்திரி கிடையாது. 2014இலிருந்து ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டை விரிவாக்க ஒன்றிய அரசு செலவில் பெரும்பங்கைத் தருகிறேன் என்கிறது. அலபாமா இன்றுவரை வாங்க மறுக்கிறது. கறுப்பருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக ஏழை வெள்ளையரின் மருந்துச் சீட்டையும் சேர்த்துக் கிழிக்கிறார்கள் என்பதே என் கணிப்பு.

நம்மில் சிலர் ‘உள்ளூர் அதிகாரத்தைப் பிடி, மத்ததெல்லாம் தானா வரும்’ என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் ஹுலெட்டைச் சொன்னேன். ஷெரீப் பதவி கவுண்டியில் இருந்தது. குழாய்க்கான நிதியும் கக்கூஸ் சட்டமும் மாநிலத் தலைநகரில் இருந்தன. லாடம் கட்டுகிற உரிமை வந்தது, குதிரை வரவில்லை.

2021இல் ஒன்றிய நீதித்துறை விசாரணை தொடங்கியது. 1964 குடிமை உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தது. 2023 மே மாதம் மாநிலச் சுகாதாரத்துறையோடு ஓர் ஒப்பந்தம். சனங்கள்மேல் வழக்குப் போடுவதை நிறுத்து, வீட்டின்மேல் பற்று வைக்காதே, எங்கெங்கே என்ன தேவை என்று கணக்கெடு என்றெல்லாம் எழுதினார்கள். குற்றவாளி குழாய் வைத்தவன் இல்லை என்று அரசாங்கக் காகிதம் ஒன்று ஒப்புக்கொண்டது. அது சின்ன விசயமில்லை.

2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. இன வேற்றுமையின் கண்ணாடி வழியே சுற்றுச்சூழல் நீதி பார்க்கக் கூடாதாம். சாதியைச் சொன்னால் ‘நீதான் சாதி பார்க்கிறாய்’ என்று நம்மைத் திருப்பிக் கேட்கிறவனின் குரல் அச்சு அசலாக இதேதான். ஒதுக்கிய நிதி தீரும்வரை டாங்க் பதிக்கும் வேலை நடக்கும் என்றது மாநிலச் சுகாதாரத்துறை. தீர்ந்த பிறகு என்ன என்று அது சொல்லவில்லை. ஒப்பந்தம் போனதும், சனங்கள்மேல் வழக்குப் போடத் தடையாக இருந்த அந்தத் தாளும் போச்சு.