செவ்வாய்க்கிழமை லீவு!

லீவு போடுவதில் நம் ஆபீஸ் ஆசாமிகள் மூன்று ரகம். காய்ச்சல் வந்தால் மட்டும் லீவு போடுகிறவர். காய்ச்சல் வந்ததாகச் சொல்லி லீவு போடுகிறவர். லீவே போடாமல் ஈ.எல்.லைச் சேர்த்துக் காசாக்கி சோபா வாங்கிவிட்டு, அதில் உட்கார நேரமில்லாமல் ஓடுகிறவர். சும்மா இருப்பதற்காகவே லீவு விடுகிற நாலாவது ரகமும் உண்டு. அப்படி ஒருவரை எனக்குத் தெரியும்.

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக வானூர் தாலுகா. விழுப்புரம் மாவட்டம்தான். 1968-ல் ஆரோவில் பிறந்தது இந்தப் பக்கம்தான். வெளிநாட்டுக்காரர்கள் வர, கெஸ்ட் ஹவுஸ்களும் முளைத்தன. அதில் ஒன்று நம்ம அண்ணனுடையது. பாரிஸ் ஓட்டல்களில் 14 வருஷம் பாத்திரம் கழுவி, அப்புறம் சமையல் பண்ணி, ஊர் திரும்பியவர். மொத்தமே நாலு ரூம்.

"ஏண்ணே, நாற்பது ரூமா கட்டியிருக்கலாமே?"

"அப்போ அது லாட்ஜ் தம்பி!"

பிரான்ஸ் கிராமங்களில் சொந்த வீட்டிலேயே விருந்தாளிகளைத் தங்க வைப்பதற்கு 'ஷாம்ப்ர தோத்' என்று பெயர். அங்கே சட்டப்படி 5 ரூமுக்கு மேல், 15 பேருக்கு மேல் கூடாது. காலை டிபன் வாடகையிலேயே சேர்த்தி. வீட்டுக்காரரே வரவேற்க வேண்டும். அண்ணன் அந்த ஸ்டைலை அப்படியே இங்கே கொண்டு வந்துவிட்டார், இட்லியை மட்டும் சேர்த்து.

அடுத்தவர் லீவைக் கொண்டாட நாம் உழைக்கிற தொழில் இது. சென்னையிலும் பெங்களூரிலும் சனி ஞாயிறு வந்தால் இவருக்கு இடுப்பு ஒடியும். தீபாவளி, பொங்கல், புத்தாண்டு எல்லாமே அடுப்படியில்தான்.

ஆனால் செவ்வாய்க்கிழமை? கேட்டில் பூட்டு! சமையல் அக்கா, தோட்டக்காரர், துணி வெளுக்கிற பையன் மூவருக்கும் சம்பளத்தோடு லீவு. அண்ணி செஞ்சியில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். 'செவ்வாய் வெறும் வாய்' என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? நாலு ரூம், ரூமுக்கு 2,500 ரூபாய், வருஷத்துக்கு 52 செவ்வாய் என்று பெருக்கினேன். 5 லட்சத்து 20 ஆயிரம்!

அண்ணன் சிரித்தார். "முதல் ரெண்டு வருஷம் ஏழு நாளும் திறந்துதான் வெச்சிருந்தேன். ஒரு நாள் பொண்ணு ஸ்கூல்ல, உங்கப்பா எப்படிம்மான்னு டீச்சர் கேட்டாங்களாம். எங்கப்பா கெஸ்ட்டைப் பார்த்தாதான் சிரிப்பாருன்னு சொல்லியிருக்கா. அதுக்கு எத்தனை லட்சம் போடுவே தம்பி?"

நான் கால்குலேட்டரை மூடி வைத்தேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவரோடு நானும் ஒட்டிக்கொண்டேன். திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குக் கூட்டிப் போவார் என்று நினைத்தேன். பக்கத்திலேயே, 2 கோடி வருஷமாகப் படுத்திருக்கிற மரங்கள். லீவு என்றால் அதுவல்லவா லீவு! ஆனால் அண்ணன் போனது விழுப்புரம் ஜங்ஷனுக்கு. பிளாட்பார டிக்கெட் வாங்கி, வடையும் டீயுமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இங்க என்ன பண்ணப் போறோம்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அதான் இன்னிக்கு புரோகிராம்."

சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, பாண்டிச்சேரி என்று ஐந்து பக்கமும் ரயில் போகிற ஊரில், எதிலும் ஏறாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுகம் தெரியுமா? வருகிறவர்கள் பெட்டியோடு ஓடுகிறார்கள். யாரையும் வரவேற்க வேண்டியதில்லை, யாருக்கும் ஆம்லெட் போட வேண்டியதில்லை!

பாண்டிச்சேரி ரயில் கிளம்பியபோது அண்ணன் சொன்னார்: "வெள்ளைக்காரன் லீவைக் கொண்டாடறான்னு நாம பொறாமைப்படறோம். அவனுக்கும் அது சும்மா வரலை தம்பி."

நிஜம்தான். பிரான்ஸில் சம்பளத்தோடு வருஷத்துக்கு 2 வாரம் லீவு சட்டமானது 1936 ஜூனில். அதுவும் நாடு முழுக்க ஸ்டிரைக் நடந்த பிறகு. ஆகஸ்டில் தொழிலாளிகளுக்குச் சலுகை ரயில் டிக்கெட்டும் வந்தது. 1982-ல் அந்த லீவு 5 வாரமானது. அதே 1936-ல், ஜூலை 30-ம் தேதி, அதே பிரான்ஸின் ஆட்சியில் இருந்த பாண்டிச்சேரியில் உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 12 பேர் செத்தார்கள். மறு வருஷம் 8 மணி நேர வேலை சட்டமானது.

சாயங்காலம் ஆறு மணிக்கு நாம் பேனாவை மூடி வைக்கிறோமே, அதற்குப் பின்னால் இப்படிச் சிலரின் ரத்தம் இருக்கிறது. அதை நாமோ மானேஜருக்குப் பயந்து எட்டு மணி வரை இலவசமாக நீட்டிக் கொடுக்கிறோம்.

மூன்று மணிக்கு அண்ணன் அவசரமாக எழுந்தார். அன்றைக்கு அவருக்கு இருந்த ஒரே வேலை, ஸ்கூல் விடும்போது கேட்டில் நிற்பது. நின்றார். கெஸ்ட் யாரும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் சிரித்தார்!

நண்பர்களே, மெஷினுக்குக்கூட வருஷா வருஷம் தேய்மானம் எழுதச் சொல்லித்தான் காலேஜில் கற்றுக் கொடுத்தார்கள். மனுஷன் தேய்வதற்குக் கணக்குப் புத்தகத்தில் காலம் கிடையாது. லீவு கார்டில்தான் எழுத வேண்டும். காரணம் என்கிற இடத்தில் 'காய்ச்சல்' என்று போடாமல், ஒரே ஒரு தடவை 'சும்மா' என்று எழுதிப் பாருங்கள். மானேஜருக்குக் காய்ச்சல் வந்தால் நான் பொறுப்பில்லை!